உருகும் பனிக்கட்டி விழுங்கும் வெப்பம்



தோட்டத்து லயங்களுக்கு மீன் கொண்டுவரும் வியாபாரியை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன்பே சந்தையில் மீன் எடுத்து, பெட்டியில் அடுக்கி, அதன்மேல் ஐஸ்கட்டியை உடைத்துக் கொட்டி, ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு புறப்படுவார். ஒவ்வொரு தோட்டமாக நின்று நின்று, கடைசி லயத்திற்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐஸ்கட்டி பாதி கரைந்திருக்கும். மீதிப் பாதி அப்படியே இருக்கும். உள்ளே கைவிட்டால் விரல் விறைத்துப் போகும்.

இவ்வளவு வெயிலைத் தாங்கியும் அது ஏன் முழுவதும் தண்ணீராகிவிடவில்லை? சாக்கு போட்டு மூடியிருந்ததால் என்பீர்கள். அது பாதி விடைதான். மறுபாதி விடையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க உலகம் 1761ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவரையும், அந்தக் கணக்கை நம் பிள்ளைகளும் எளிதாகப் போடும் விதத்தையும் இன்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. ஒரு கோப்பைத் தண்ணீரையும் ஓர் அண்டாத் தண்ணீரையும் குளிக்கும் சூட்டுக்குக் காய்ச்சுகிறோம். வெப்பமானியை இரண்டிலும் வைத்தால் ஒரே டிகிரியைத்தான் காட்டும். ஆனால் கோப்பைக்குச் சுள்ளி போதும். அண்டாவுக்குக் கட்டை கட்டையாக விறகு வேண்டும். வெப்பமானி காட்டுவது சூட்டின் உயரத்தை. விறகு காட்டுவது வெப்பத்தின் அளவை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது எளிது. 18ஆம் நூற்றாண்டில் படித்த அறிஞர்களே பலர் குழம்பியிருந்தார்கள்.

அந்தக் காலத்துப் பொதுவான எண்ணம் இதுதான்: குளிர்ந்த பனிக்கட்டிக்குச் சூடேற்றினால் அதன் வெப்பநிலை சிறிது சிறிதாக ஏறும். உருகும் நிலையை எட்டியபின் இன்னும் ஒரு சொட்டு வெப்பம் சேர்ந்தால் போதும், கட்டி முழுவதும் நீராகிவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பெயர் ஜோசப் பிளாக். 1728ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரில் பிறந்தவர். தந்தை அங்கே திராட்சை மது வணிகம் செய்துவந்தார். பிளாக் மருத்துவம் படித்தார். 1754இல் பட்டம் பெறுவதற்காகச் செய்த ஆராய்ச்சியிலேயே, இன்று நாம் கரியமிலவாயு என்று அழைக்கும் வாயுவின் தன்மைகளைக் கண்டறிந்து புகழடைந்தார். 1756 முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார்.

ஸ்காட்லாந்து குளிர் நாடு. மாரிக்காலத்தில் மலையெல்லாம் பனி மூடிக் கிடக்கும். பிளாக் அந்தப் பனியைப் பார்த்து யோசித்தார். "ஒரு சொட்டு வெப்பம் போதும் என்பது உண்மையானால், இளவேனில் வந்து காற்று சற்றே வெதுவெதுப்பானதும் மலைமேல் கிடக்கும் பனி முழுவதும் ஒரே நேரத்தில் உருகி ஓடவேண்டுமே! ஊரும் வயலும் வெள்ளத்தில் போய்விடுமே! அப்படி நடக்கவில்லையே. பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தானே உருகுகிறது?" இதுதான் அவருடைய கேள்வி. எல்லார் கண்ணிலும் ஆண்டுதோறும் பட்ட காட்சி அது. அதைக் கேள்வியாக்கி, அளந்து பார்க்கலாம் என்று துணிந்ததில்தான் அவருடைய சிறப்பு இருக்கிறது.

1761ஆம் ஆண்டு, மாரிக்காலம். மெல்லிய கண்ணாடியாலான இரண்டு உருண்டைக் குடுவைகளைப் பிளாக் எடுத்துக்கொண்டார். இரண்டும் ஒரே அளவு. குறுக்களவு 4 அங்குலம். ஒவ்வொன்றிலும் 5 அவுன்சு தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் இருந்த தண்ணீரைப் பனிக்கட்டியாக உறைய வைத்தார். மற்றொன்றை உறையவிடாமல், பனிக்கட்டியைப் போலவே குளிரச் செய்தார். அந்நாளில் வழங்கிய பாரன்ஹீட் அளவில் தண்ணீரின் வெப்பநிலை 33 டிகிரி. பனிக்கட்டி உருகும் நிலையான 32 டிகிரியில் இருந்தது.

இரண்டு குடுவைகளையும் ஒரு பெரிய கூடத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார். கூடத்தின் காற்று மாறாமல் 47 டிகிரியில் இருந்தது. ஆகவே இரண்டு குடுவைகளுக்கும் ஒரே காற்றிலிருந்து ஒரே வேகத்தில் வெப்பம் வந்து சேரும். பிறகு அவர் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான்.

அரை மணி நேரத்தில் தண்ணீர் 33 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறிவிட்டது. அதாவது 7 டிகிரி. பனிக்கட்டி என்ன ஆயிற்று? அது உருகி, உருகிய நீரும் அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் பிடித்தது! பத்தரை மணி நேரம் என்றால் 21 அரை மணிகள். தண்ணீருக்கு ஒரு பங்கு நேரம். பனிக்கட்டிக்கு 21 பங்கு நேரம்.

இந்த நேரமெல்லாம் பனிக்கட்டிக்கு வெப்பம் வராமல் இருந்ததா? இல்லை. அந்தக் குடுவையின் கீழே கையை வைத்தால் குளிர்ந்த காற்று இறங்குவது தெரிந்தது. சுற்றியுள்ள காற்றிலிருந்து பனிக்கட்டி ஓயாமல் வெப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது பிளாக் போட்ட கணக்கைப் பாருங்கள். அரை மணிக்கு 7 டிகிரி அளவுள்ள வெப்பம் என்றால், 21 அரை மணிக்கு 21 பெருக்கல் 7, விடை 147. ஆனால் இறுதியில் வெப்பமானி காட்டியது 32இலிருந்து 40 வரை, அதாவது 8 டிகிரி ஏற்றம் மட்டுமே. 147இல் 8 போக மீதி 139. ஏறக்குறைய 140 டிகிரிக்கு உரிய வெப்பம் பனிக்கட்டிக்குள் போயிருக்கிறது. வெப்பமானியில் அது தென்படவே இல்லை. அவ்வளவும் கட்டியை நீராக்கும் வேலைக்கே செலவாகிவிட்டது.

ஒரே சோதனையை நம்பி அவர் நின்றுவிடவில்லை. எடைபோட்ட சுடுநீரில் எடைபோட்ட பனிக்கட்டியை இட்டு, கலவையின் வெப்பநிலையைப் பார்த்து, மறுபடியும் கணக்கிட்டார். இந்த வழியில் 143 வந்தது. இரண்டு வேறு வழிகளில் போனாலும் விடைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. இன்று நுண்ணிய கருவிகளால் அளந்தால் கிடைக்கும் விடையும் ஏறக்குறைய 144தான். இரண்டு குடுவையும், வெப்பமானியும், கடிகாரமும், பொறுமையும் கொண்டு அந்த மனிதர் எவ்வளவு அருகில் போயிருக்கிறார் பாருங்கள்!

வெப்பமானிக்குத் தெரியாமல் மறைந்து நிற்கும் இந்த வெப்பத்திற்கு, மறைந்திருக்கும் வெப்பம் என்ற பொருளில் அவர் பெயரிட்டார். நம் பாடநூல்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன. 1762ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளாஸ்கோவில் அறிஞர்கள் கூடிய அவையில் இதை எடுத்துரைத்தார். தம் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் கற்பித்தார். ஆனால் நூலாக வெளியிடவில்லை. 1799இல் அவர் மறைந்தபின், 1803இல்தான் அவருடைய விரிவுரைகள் அச்சேறின. இதற்கிடையே சுவீடன் நாட்டில் வில்கே என்பவர் 1772இல் இதே உண்மையைத் தாமாகவே கண்டு வெளியிட்டார்.

சரி, இந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாமா? பள்ளிப் பிள்ளைகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இப்போது செல்சியஸ் அளவைப் பயன்படுத்துகிறோம். பனிக்கட்டி உருகுவது 0 டிகிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. பிஸ்கட் பொட்டலத்திலும் பால்மாவு டின்னிலும் அச்சிட்டிருக்கும் அதே கிலோகலோரிதான். பனிக்கட்டி தண்ணீரைவிட எளிதில் சூடேறும். ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி உயர அரை கிலோகலோரி போதும். 0 டிகிரியில் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் 80 கிலோகலோரி வேண்டும்.

உறைபெட்டியிலிருந்து ஒரு கிலோ பனிக்கட்டியை எடுக்கிறோம். அது 0 டிகிரிக்குக் கீழே 10 டிகிரியில் இருக்கிறது. அதை 30 டிகிரி தண்ணீராக்க எவ்வளவு வெப்பம் தேவை? மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதற்படி, பனிக்கட்டியை 0 டிகிரிக்குக் கொண்டுவருவது. 10 டிகிரி ஏற்றம், டிகிரிக்கு அரை கிலோகலோரி, ஆக 5.

இரண்டாம் படி, 0 டிகிரியிலேயே அதை உருக்குவது. இதற்கு 80.

மூன்றாம் படி, உருகிய நீரை 30 டிகிரிக்குச் சூடாக்குவது. டிகிரிக்கு ஒரு கிலோகலோரி, ஆக 30.

மூன்றையும் கூட்டினால் 115 கிலோகலோரி. இரண்டாம் படியை மறந்தவருக்கு 35தான் வரும். தேர்வில் பல பிள்ளைகள் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தப் படியில் டிகிரி ஏறுவதில்லை. டிகிரி ஏறாததால் வெப்பமும் செலவாகவில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். பிளாக்குக்கு முன்னிருந்தவர்கள் செய்த தவறும் இதுவே. கூட்டலில் பெரிய எண்ணே கண்ணுக்குத் தெரியாத அந்த எண்தான்.

எந்தத் திடப்பொருளுக்கும் இதே முறைதான். முதலில் உருகும் நிலைவரை சூடேற்றும் வெப்பம். பிறகு உருக்கும் வெப்பம். மலாயா நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்பிய வெள்ளீயத்தை எடுத்துக்கொள்வோம். அது 232 டிகிரியில் உருகும். ஒரு கிலோ வெள்ளீயத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 0.055 கிலோகலோரி போதும். 32 டிகிரியில் இருப்பதை 232க்கு ஏற்ற, 200 பெருக்கல் 0.055, விடை 11. அதை உருக்க இன்னும் ஏறத்தாழ 14. மொத்தம் 25 கிலோகலோரி. உலையில் தகதகவென்று உருகும் ஈயத்திற்கு 25. கையில் சில்லென்று இருக்கும் பனிக்கட்டியை வெறுமனே உருக்க 80! சூட்டைப் பார்த்து வெப்பத்தை எடைபோடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பிளாக்கின் கண்டுபிடிப்பு கல்விக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர்தான் ஜேம்ஸ் வாட். 1763-64ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், பழைய நீராவி இயந்திரம் ஒன்றின் சிறு மாதிரி அவரிடம் பழுதுக்கு வந்தது. அது அளவுக்கு மீறி நீராவியைத் தின்றது. வாட் சோதித்துப் பார்த்தபோது, சிறிதளவு நீராவி தன் எடையைப்போல் ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கண்டு திகைத்தார். பிளாக்கிடம் போய்க் கேட்டார். நீர் ஆவியாகும்போதும் இப்படியே வெப்பம் மறைந்து நிற்கிறது என்று பிளாக் விளக்கினார். இன்றைய அளவில் அது கிலோவுக்கு 540 கிலோகலோரி. 1765இல், நீராவியைத் தனிக்கலத்தில் குளிரவைக்கும் வழியை வாட் கண்டார். 1769இல் காப்புரிமை பெற்றார். பிளாக்கின் தத்துவமே இயந்திரத்தைப் பெற்றெடுத்தது என்றால் அது மிகை. ஆனால் நீராவியில் எவ்வளவு வெப்பம் அடங்கியிருக்கிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்று வாட் கணக்கிட அது துணை நின்றது.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒரு கிராம் கொதிநீர் நம் உடற்சூட்டுக்குக் குளிரும்போது 63 கலோரி வெப்பத்தைத் தோலில் விடும். ஒரு கிராம் நீராவி, நீராக மாறும்போதே 540 கலோரியையும் சேர்த்து, 603 கலோரியை விட்டுவிடும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது முகத்தையும் கையையும் விலக்கி, மூடியை மறுபுறம் சாய்த்துத் திறக்கச் சொல்வது இதனால்தான்.

மறைந்த வெப்பத்தால் பெரும் வணிகமே நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர். மாரிக்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1806இல் தொடங்கியபோது பலரும் சிரித்தார்கள். 1833ஆம் ஆண்டு மே மாதம் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பியது. நான்கு மாதம் கடலில்; வெப்ப மண்டலத்தைக் கடந்து கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது.

உருகியது 80 டன். ஒரு டன்னை ஏறத்தாழ 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் 80,000 கிலோ. கிலோவுக்கு 80 கிலோகலோரி வீதம் 64 லட்சம் கிலோகலோரி. இவ்வளவு வெப்பம் வழிநெடுகக் கப்பலுக்குள் புகுந்திருக்கிறது. கப்பலில் பனிக்கட்டிக்குப் பதிலாக 0 டிகிரி குளிர்நீர் 180 டன் இருந்திருந்தால், அதே வெப்பம் அதை 35 டிகிரிக்குமேல் சூடாக்கியிருக்கும். கல்கத்தாவில் இறங்கியிருப்பது வெந்நீர்தான். மரத்தூள் வெப்பத்தை மெல்ல வரச்செய்தது. வந்த வெப்பத்தை உருகும் கட்டி விழுங்கி, எஞ்சிய கட்டியைக் காத்தது. மீன்காரரின் சாக்கும் பெட்டியும் செய்வதும் இதே வேலைதான்.

இந்த வணிகம் நம்மவர் ஊர்களையும் தொட்டது. டியூடரின் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கே நிலைத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் தங்கியிருந்த அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. சிங்கப்பூரில் வாம்போவா என்று மக்கள் அழைத்த சீன வணிகர் ஹூ ஆ கே, கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 1854இல் கிளார்க் கீ பகுதியில் பனிக்கட்டிக் கிடங்கு அமைத்தார். அமெரிக்கப் பனிக்கட்டி அங்கேயும் வந்தது. ஆனால் வாங்குவோர் போதாமல் அந்த முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. இயந்திரங்கள் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் கப்பல் வணிகமும் மறைந்தது.

மறைந்த வெப்பம் எங்கேதான் போகிறது என்று பிள்ளைகள் கேட்கலாம். பிளாக்கின் காலத்தில் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் போலக் கருதினார்கள். 1840களில் ஜூல் என்னும் ஆங்கிலேயர் செய்த சோதனைகள், உழைப்பும் வெப்பமும் ஒன்றாக மாறக்கூடியவை என்று காட்டின. அவர் பெயராலேயே இன்று பள்ளியில் வெப்பத்தை ஜூல் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு கலோரி ஏறத்தாழ 4.2 ஜூல். பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே 80 கலோரியும் செலவாகிறது. பிடி தளரும்வரை வெப்பமானி அசையாது.

கடைசியாக ஒரு கணக்கு. கோயில் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கிறோம். 30 டிகிரியில் உள்ள 200 கிராம் பானத்தை 10 டிகிரிக்குக் குளிரச் செய்ய வேண்டும். பானம் தண்ணீரைப் போன்றதே என்று கொண்டால், அதிலிருந்து 4,000 கலோரி வெளியேற வேண்டும். 0 டிகிரி குளிர்நீரை ஊற்றினால், ஒவ்வொரு கிராமும் 10 டிகிரிக்கு ஏறும்போது 10 கலோரிதான் எடுக்கும். 400 கிராம் வேண்டும். மோர் வெறும் தண்ணீராகிவிடும்! 0 டிகிரி பனிக்கட்டியானால் ஒவ்வொரு கிராமும் உருக 80, பிறகு 10 டிகிரிக்கு ஏற 10, ஆக 90 கலோரி எடுக்கும். 45 கிராம் போதும்.

நேயர்களே, ஒரு பொருள் அசையாமல் இருப்பதுபோலத் தோன்றும் நேரத்திலும் அதனுள் பெரிய வேலை நடக்கலாம். பிளாக் பத்தரை மணி நேரம் காத்திருந்து, அந்த வேலையை அளந்து காட்டினார். அடுத்த முறை மீன்காரர் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, மிஞ்சியிருக்கும் கட்டியைக் காட்டுங்கள். காலையிலிருந்து அது எவ்வளவு வெப்பத்தை விழுங்கியிருக்கும் என்று கேளுங்கள். எத்தனை கிலோ கரைந்தது என்று வியாபாரியிடம் கேட்டு, 80ஆல் பெருக்கச் சொல்லுங்கள். விடை அங்கேயே கிடைத்துவிடும்.